மூடியின் மேல் ஒரு கை

ஜூலை 3, திங்கள்

ஷாம்பு பாக்கெட்டின் மூலையில் ‘இங்கே கிழிக்கவும்’ என்று அச்சடித்தவன் ஒரு நாளாவது தலைக்குக் குளித்திருப்பானா? ஈரக் கையில் அது கிழியவே கிழியாது. பல்லால்தான் கடிக்க வேண்டும். இன்று காலை என் வாயெல்லாம் நுரை. இந்த எரிச்சலை எங்கேயாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்றுதான், சாப்பாட்டு மேசைக் காலுக்கு அப்பா முட்டுக் கொடுத்திருந்த பழைய டைரியை உருவி எழுத ஆரம்பித்திருக்கிறேன். மேசை இப்போது ஆடுகிறது. ஆடட்டும்.

என் பெயர் வஞ்சிக்கொடி. வயது முப்பத்தேழு. கோயமுத்தூரில் ஒரு மிக்ஸி கம்பெனியில் சோதனை அறைப் பொறுப்பாளர். கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேங்காய், மஞ்சள், ஊறவைத்த உளுந்து என்று அரைத்துக்கொண்டே இருந்து, மிக்ஸி எப்போது உயிரை விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டில் நானும் அப்பாவும். அம்மா போய் மூன்று வருடமாகிறது. கல்யாணம் என்கிற மாடலையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

தீபாவளிக்கு வரப்போகும் ‘சிட்டு’ மாடல் இன்று என் அறைக்கு வந்தது. கூடவே அதன் புது மூடியை வடிவமைத்த ஆளும் வந்தார். பெர்க்மான்ஸ், தூத்துக்குடிக்காரர். சட்டைப் பையில் நான்கு பேனா. ஒன்றுக்கும் மூடி இல்லை. மூடி வடிவமைப்பாளராம்!

ஜூலை 7, வெள்ளி

சிட்டு பிரமாதமாக ஓடுகிறது. மனசே வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மூடியைப் பொருத்தி, ஜாரின் கழுத்தை ஒரு கையால் பிடித்து, மறு கையால் திருக வேண்டும். மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. அது கைப்பிடியில் உள்ள துளைக்குள் போய் உட்கார்ந்தால்தான் மோட்டார் ஓடும். மூடி திறந்திருந்தால் எந்த ஜென்மத்திலும் ஓடாது. அதனால் யாரும் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ‘கையே வேண்டாம்!’ என்று பெரிய போர்டு வைக்க முதலாளி அவிநாசியப்பன் இப்போதே ஆள் பேசிவிட்டார்.

எங்கள் சோதனை எல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் நடக்கும். ஒரு காலத்தில் இந்த அறையில் ஒரு ஜார் வெடித்ததிலிருந்து அப்படி ஒரு விதி. மிக்ஸியை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். நாலைந்து நாளாகச் சிட்டு மூச்சு விடாமல் அரைக்கிறது.

“எதுக்கு சார் இப்படி ஒரு மூடி?” என்று கேட்டேன்.

“எங்க அம்மைக்கு ஒரு பக்கம் கை வராது மேடம். பக்கவாதம். ஒரு கையால ஜார புடிச்சுக்கிட்டு, மூடியப் புடிக்க இன்னொரு கைக்கு எங்க போவாங்க? அதான், மூடிட்டு சும்மா நின்னாப் போதும்ங்கற மாதிரி செய்யணும்னு...” என்றார்.

பேனாவுக்கு மூடி இல்லாததை மன்னித்துவிட்டேன். இந்த ஒரு நாளுக்கு மட்டும்.

ஜூலை 12, புதன்

டம்ளருக்கு விளிம்பு வைத்தவன் கும்பிட வேண்டிய ஆள். சுடச்சுடக் காபியை விளிம்பைப் பிடித்தே தூக்கிவிடலாம். காகிதக் கோப்பைக்காரனுக்கு இந்தப் புத்தி ஏன் வரவில்லை? இதைச் சொன்னதற்குப் பெர்க்மான்ஸ் கேன்டீன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காபி ஆறிப் போகிற வரைக்கும். பைத்தியம்.

ஜூலை 16, ஞாயிறு

ஊருக்குள் சில வீடுகளுக்குச் சிட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கிறது. அம்மா போன பிறகு சமையல் அப்பா பொறுப்பு. வங்கியில் கட்டுக்கட்டாக நோட்டு எண்ணிய விரலால் இப்போது கடுகைப் பொறுக்குகிறார். பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைத்தான்.

“இதிருந்தாச் சரி கண்ணு. நின்னு போனா இதை அமுக்கிக்கலாம்.”

“நிக்காதுங்கப்பா.”

“எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.

ஜூலை 24, திங்கள்

நின்றுவிட்டது! எங்கள் வீட்டில் இல்லை, மற்ற வீடுகளில். பாதி அரைக்கும்போது பொசுக்கென்று நின்றுவிடுகிறதாம். போன் மேல் போன்.

பெர்க்மான்ஸும் நானும் கம்பெனி வண்டியில் கிளம்பி வீடு வீடாகப் போனோம். சிங்காநல்லூரில் சம்பூரணம் என்கிற அம்மா சமையல்கட்டில் வைத்தே எங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நேத்து மூணு தடவை நின்னு போச்சுங்க. அடியில சிவப்புப் பட்டனை அமுக்கி அமுக்கி விரலே வலிக்குது. பெரிய கம்பெனின்னு நம்பி ஓட்டிப் பாக்க வாங்கினமாக்கும்!”

“எங்க, இப்ப அரைச்சுக் காட்டுங்கம்மா” என்றேன்.

அரைத்தார்கள். நிற்கவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் மரியாதையாக இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். சட்னி அழகாக அரைந்தது. அவர்கள் முகம் சிவந்துவிட்டது. “சாமி சத்தியமா நேத்து நின்னுச்சுங்க!”

அடுத்த வீட்டிலும் இதே கதைதான். எங்களைக் கண்டால் சிட்டு நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

திரும்பும் வழியில் பெர்க்மான்ஸ், “பொய் சொல்லுத முகமாத் தெரியல மேடம். நாம போனதும் என்னமோ மாறுது. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும், நான் தூங்கிருவேன்” என்றார். எனக்கும் அதேதான். இவ்வளவு ருசியான புதிர் இந்த வேலையில் வந்து எத்தனை வருடமாயிற்று! வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். ஒண்டிப்புதூரில் திரும்ப வேண்டிய டிரைவர் பேச்சைக் கேட்டு நேராகப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. அப்பா தேங்காய் சாதமும் எலுமிச்சை சாதமும் கிளறினார். பெர்க்மான்ஸ் மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார், அம்மாவுக்கு என்று ஒரு சிட்டையும் தூக்கிக்கொண்டு. சோதனை அறை அமைதியாக இருக்கிறது. நல்லதுதான். வேலை ஓடும்.

ஓடவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

வந்துவிட்டார். எல்லோருக்கும் தூத்துக்குடி முந்திரி மக்ரூன் கொண்டுவந்தார். எனக்குத் தனிப் பெட்டி. சோதனை அறை தனிப் பிரிவு என்பதால் இருக்கும்.

“அம்மா அரைச்சுப் பாத்தாங்களா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்காங்க” என்றார். நான் கேட்டது அதுவல்ல. உடனே மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சள் கறை தெரியாது என்பதால் பச்சைப் புடவை கட்டிப் போயிருந்தேன். கணக்குப் பிரிவு கோகிலா, “என்னங்க அக்கா, விசேஷமா?” என்று கேட்டாள். சோதனை அறையில் வேலை பார்த்தால் தெரியும் அவளுக்கு.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் அப்பாவின் வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டால், “கத்தி பட்டுருச்சு கண்ணு, விடு” என்றார். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு கரண்டி கிடந்தது, பிடி வரைக்கும் வளைந்து, நுனி பிய்ந்து. கத்தி கரண்டியையும் வெட்டுமா?

சிட்டைப் போய்ப் பார்த்தேன். மூடியின் மூக்கு உட்காரும் துளைக்குள் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று அளவாக ஒடித்துச் செருகியிருந்தது. அப்பாவைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன்.

“அப்பா, இது என்னங்கப்பா?”

முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். “பாதியில பாதியில நின்னு போகுது. உன்றகிட்ட சொன்னா உன்ற கம்பெனிக்குத்தானே சங்கடம்? அந்த ஓட்டைல குச்சி வெச்சா நிக்காம ஓடுது. சம்பூரணம்மா ஊட்டுலயும் அப்படித்தானாம். மார்க்கெட்ல சிட்டு பத்திப் பேச்சு வந்தப்ப அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க.”

நேற்று அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. ஸ்விட்சை அணைக்காமல் மூடியைத் திறந்து, கரண்டியால் தேங்காயைக் கிளறியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்திருக்கிறது. குச்சி இருந்ததால் திறந்த ஜாரிலேயே மோட்டார் ஓடிவிட்டது. கரண்டியை உள்ளே இழுத்துக்கொண்டு, விரல் நுனியைச் சீவிவிட்டு நின்றிருக்கிறது. கரண்டி மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்திருந்தால்? ஐயோ! அதை நினைக்கவே என்னால் முடியவில்லை. திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். அப்பா பரிதாபமாக நின்றார்.

பிறகு குச்சியைப் பிடுங்கிவிட்டு, “இப்ப எப்பவும் போல அரைங்கப்பா” என்றேன். மூடியைத் திருகினார், ஸ்விட்சைப் போட்டார். போட்ட கையோடு இடது உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

மிக்ஸி நின்றது.

கையை எடுக்கச் சொன்னேன். ஓடியது. வைக்கச் சொன்னேன். நின்றது. கை அழுத்தினால் மூடி லேசாக வளைகிறது, மூக்கு துளையிலிருந்து நழுவுகிறது. அவ்வளவுதான் விஷயம்!

“கையே வேண்டாம்னு சொன்னேனில்லீங்கப்பா? எதுக்கு வெக்கறீங்க?”

“உங்கம்மா அப்படித்தானே வெப்பா?” என்றார்.

உலகத்தில் எந்தத் தமிழச்சி மூடியில் கை வைக்காமல் மிக்ஸி ஓட்டியிருக்கிறாள்? சம்பூரணம்மா அன்றைக்கு விருந்தாளிக்கு மரியாதை காட்டிக் கையைக் கட்டிக்கொண்டார்கள், அதனால் ஓடியது. என் சோதனை அறையில் கூண்டு, உள்ளே கை போகவே வழியில்லை, அதனால் ஓடியது. ஊரிலேயே கை படாமல் அரைக்கிற ஒரே இடத்தில் வைத்துச் சோதித்துவிட்டு ‘பிரமாதம்’ என்று எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் நானே அரைத்துப் பார்த்தேன், எங்கள் பழைய மிக்ஸியில். கையை எடுத்துவிட்டு அரைத்தால் சட்னி ஆயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தால் எல்லாம் தெரிகிறது. முதலில் கடகடவென்று சில்லு மோதும், பிறகு கரகரப்பு, பிறகு உள்ளங்கையில் மெத்தென்று ஓர் அதிர்வு. அப்போது நிறுத்த வேண்டும். கை வைப்பது மூடி பறக்காமலிருக்க மட்டும் இல்லை. அரைந்ததா என்று கேட்பதே அந்தக் கையால்தான்.

இத்தனை வருடம் இது எனக்கே தெரியாமல் என் கைக்குத் தெரிந்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதன்கிழமை சிட்டைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம். முதலாளி முன்னால் நான் ‘சரி’ என்று சொன்னால் சிட்டு கடைக்குப் போய்விடும். இல்லை என்று சொன்னால் பெர்க்மான்ஸின் மூன்று வருட உழைப்பு போய்விடும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதலில் அவரிடம்தான் சொன்னேன். முதலாளி முன்னால் திடீரென்று போட்டு உடைப்பது நியாயமில்லை. ஈர்க்குச்சியை மேசையில் வைத்தேன். அப்பா விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குச்சியைப் பார்த்தே பேசினேன்.

“அப்பாக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

முதலாளி எழுந்தே விட்டார். “என்ன அம்மிணி இது, போர்டெல்லாம் அடிச்சாச்சு! மூடியில கை வெக்க வேண்டாம்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டா ஆச்சு!”

“யாருங்க படிப்பாங்க? கை தானாப் போகுதுங்க. நின்னா எல்லாரும் குச்சி வெப்பாங்க. எங்கப்பாவே வெச்சிருக்காரு. ஒருத்தருக்கு விரல் போனாப் போதும். நான் சரின்னு சொல்ல மாட்டேங்க.”

“தம்பி, நீங்க என்ன சொல்றீங்?” என்று பெர்க்மான்ஸ் பக்கம் திரும்பினார். சண்டை போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மேடம் சொல்லுதது சரிதான் சார்” என்று எழுந்தார். “ஊருக்குக் கொண்டு போனேம்லா. எங்க அம்மையால மூடியத் திருகவே முடியல. அதுக்கே ரெண்டு கை வேணும். தங்கச்சி திருகிக் குடுத்தா. அம்மை, நல்லா இருக்குய்யான்னு சொன்னாங்க. எனக்குச் சோறு இறங்கல.”

முதலாளி மறுபடி உட்கார்ந்தார். பிறகு, ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் வேறு மூடி வராவிட்டால் சிட்டை மூட்டை கட்டிவிடலாம், தம்பியும் ஊரைப் பார்க்கப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெர்க்மான்ஸும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேசையில் அந்த ஈர்க்குச்சி இல்லை. அதை எடுத்துப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

லீவு போட்டிருக்கிறாராம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஊறுகாய் பாக்கெட், திறந்தால் மூட முடியாது. கம்பெனி வாசல் கதவு, இழுக்கச் சொல்லும் பிடி, தள்ளினால்தான் திறக்கும். கழிவறைக் குழாய், எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலே பீய்ச்சும். இந்த நாட்டில் ஒரு பொருளாவது ஒழுங்காக இருக்கிறதா? மக்ரூன் பெட்டி மட்டும் நன்றாக மூடுகிறது. காலியான பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் பெர்க்மான்ஸ் நிற்கிறார். நான் நைட்டியில், தலையில் எண்ணெய். வெளியே யார் என்று எட்டிப் பார்க்க இந்தக் கதவுக்கு ஓர் ஓட்டை வைக்கத் தெரியாத தச்சன் நாசமாகப் போக.

“அப்பாவைப் பாக்க வந்தேன்” என்றார்.

அப்பா விரலைக் காட்டினார், ஆறிவிட்டது. “உங்க மேல ஒரு தப்பும் இல்லீங் தம்பி, குச்சி என்ற குச்சி” என்றார். இரண்டு பேரும் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்கள். நான் அவசரமாகக் குளித்துவிட்டு வருவதற்குள், அப்பா பழைய மிக்ஸியில் சட்னி அரைக்க, பெர்க்மான்ஸ் குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியுது?” என்று அவர் கேட்க, அப்பா விழித்தார். நான்தான் பெர்க்மான்ஸ் கையைப் பிடித்து மூடிமேல் வைத்தேன். வைத்துக் காட்டினால்தானே புரியும்? “இப்ப சில்லு மோதுது பாருங்க. இப்ப கரகரன்னு இருக்கா? இருங்க... இப்ப மெத்துன்னு ஆச்சா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “ஆமா” என்றார். “ஆமா, மேடம்!”

சட்டென்று கண்ணைத் திறந்தார். “நான் கைய வேண்டாம்னு விரட்டிக்கிட்டே இருந்திருக்கேன். கை போக மாட்டேங்கு. அப்ப கைக்குன்னே ஒரு எடம் குடுத்துட்டா? மூடியில கை இருந்தாத்தான் ஓடணும். எடுத்தா நிக்கணும். கை மூடி மேல இருந்தா ஜாருக்குள்ள எப்படிப் போவும்?”

“திருகவே வேண்டாமே!” என்று நான் கத்தினேன். “அமுக்கினாப் போதுமே. ஒரு கை போதும். உங்க அம்மாக்கு...”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் அப்பா மிக்ஸியை நிறுத்திவிட்டார். வந்த மனிதருக்கு இட்லி வைக்கவே மறந்துவிட்டேன். அப்பாதான் வைத்தார்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. முதல் மூடி வந்துவிட்டது! நடுவில் உள்ளங்கை உட்காரும் ஒரு குழி, குழியின் அடியில் ஒரு மெத்தைப் பொத்தான். கூண்டின் கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்திவைத்தேன். முகத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு போதும், கை வெளியே வரட்டும் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.

ஏமாற்ற முடியுமா என்று பார்க்க அப்பாவைவிட்டால் ஆளில்லை. கொழுக்கட்டை கொடுக்கும் சாக்கில் கம்பெனிக்கு வந்தவர் மூடிமேல் டம்ளரை வைத்தார், ஓடவில்லை. அரிசி டப்பாவை வைத்தார், ஓடவில்லை. தட்டையான எதுவும் அந்தக் குழிக்குள் இறங்காது. ஈர்க்குச்சிக்குத் துளையே இல்லை.

“கெட்டிக்காரத் தம்பிதான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதை ஏன் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 20, வெள்ளி

முதலாளி தன் வீட்டம்மாவைக் கூட்டிவந்துவிட்டார். “நான் சொல்லி என்னாகுது, என்ற ஊட்டுக்காரி சொல்லட்டும்.” அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் விளக்கக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். பெர்க்மான்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், பார்க்கப் பயந்து.

அந்த அம்மா தேங்காயைப் போட்டார்கள், மூடியை வைத்தார்கள். யாரும் சொல்லாமலே உள்ளங்கை போய்க் குழியில் உட்கார்ந்தது. ஓடியது. பாதியில் கையை எடுத்துப் புடவையில் துடைத்தார்கள், நின்றது. வைத்தார்கள், ஓடியது. அரைந்ததும் நிறுத்தி, திறந்து, நக்கிப் பார்த்து, “இதுல புதுசா என்னங்க இருக்குது? எப்பவும் போலத்தானே இருக்குது?” என்று கேட்டார்கள்.

இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. நான் கைதட்டியே விட்டேன். முதலாளி, சிட்டைத் தீபாவளியிலிருந்து பொங்கலுக்குத் தள்ளிவைத்து, போர்டில் ‘கையே வேண்டாம்’ என்பதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது எழுதச் சொல்லிவிட்டார். தம்பி ஊரைப் பார்க்கப் போக வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்கு அனுப்பிய மூடியில் பெர்க்மான்ஸின் அம்மா தனியாகவே அரைத்தார்களாம். போனில் மிக்ஸி சத்தத்தை எனக்குக் கேட்கக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே போனில் காதை வைத்துக் கேட்டோம். ஸ்பீக்கர் போட்டிருக்கலாம், இருவருக்குமே தோன்றவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

பெர்க்மான்ஸ் சாப்பிட வந்திருந்தார். அப்பா கூப்பிட்டாராம், எனக்குத் தெரியாது. பச்சைப் புடவை துவைத்துக் காய்ந்திருந்ததால் அதையே கட்டிக்கொண்டேன்.

சட்னிக்குச் சிட்டில் தேங்காய் போட்டு நான் கை வைத்தேன். பெரிய கைக்கும் குழி பொருந்துகிறதா என்று ஒரு சந்தேகம் இருக்கிறது என்றார் அவர். “வெச்சுப் பாருங்க” என்றேன். கையை எடுத்தால் மிக்ஸி நின்றுவிடுமே, அதனால் நான் எடுக்கவில்லை. அவர் என் கைமேலேயே வைத்தார். பொருந்துகிறது.

“வஞ்சி” என்றார். மேடம் இல்லை. “பொங்கலுக்கு அம்மையக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். வரட்டுமா?”

“வரட்டும்” என்றேன். மிக்ஸி சத்தத்தில் கேட்டதோ என்னவோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

அப்பா கூடத்திலிருந்து சத்தம் போட்டார். “போதுங்கண்ணு, இந்நேரம் அரைஞ்சிருக்கும்! கைய எடு!”

எடுத்தேன். நின்றது. திறந்து பார்த்தால் சட்னி சட்னியாகவே இல்லை, வெண்ணெயாகிவிட்டிருந்தது. தினமும் தேங்காய் அரைக்கிற எனக்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய எனக்கு, அரைந்தது கையில் தெரியவே இல்லை.

மூடியில் இன்னும் ஏதோ குறை இருக்கிறது. நாளை இதே மாதிரி வைத்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.